ஆபீஸ் மிஸ் வராத எட்டு நாட்கள்

என் மகளின் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அவரை ஆபீஸ் மிஸ் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் அவர் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய அந்தப் பெண்கள் பள்ளியில் நுழைந்ததும் இடது பக்கம் அலுவலக அறை. அங்கே பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அவருடைய மேசை. மாற்றுச் சான்றிதழ், பஸ் பாஸ், விடுப்புக் கடிதம் எதுவானாலும் அந்த மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளால் ஜன்னல் கண்ணாடி நாள் முழுக்க அதிர்ந்துகொண்டிருக்கும். பேச்சின் நடுவே லாரி வந்தால் அவர் வாயை மூடிக்கொள்வார். அது போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை.

ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒல்லியான உடம்பு, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். புடவைத் தலைப்பில் நாலைந்து காகிதக் கிளிப்புகளை வரிசையாகக் குத்தி வைத்திருப்பார். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்த பேச்சு. அதைத் தலைமையாசிரியை முன்னால்கூட மாற்றிக்கொள்ள மாட்டார்.

அவர் என்னை முதலில் வரவழைத்தது ஒரு விடுப்புக் கடிதத்துக்காக. என் மகள் தர்ஷினி அப்போது எட்டாம் வகுப்பு. முந்தின நாள் நாங்கள் இரண்டு பேரும் சென்ட்ரலுக்குப் போய் என் மனைவியை ரயிலேற்றிவிட்டு வந்திருந்தோம். என் மனைவி இளம் வயதில் கபடி ஆடியவள். விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்தியப் படையில் எடுத்துக்கொண்டார்கள். பனி விழும் எல்லைப் பக்கமாகவே அவளுக்குப் பணி. வருடத்தில் இரண்டு தடவை வருவாள். எங்கள் தெருவில் யாரும் படைகளின் பெயரைத் தனித்தனியாகச் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு எல்லாமே மிலிட்டரிதான்.

கடிதத்தில் நான் 'காய்ச்சல்' என்று எழுதியிருந்தேன். நான் படித்த காலத்திலும் எல்லாரும் அப்படித்தான் எழுதினோம். எந்தக் காரணத்துக்கு லீவு போட்டாலும் கடிதத்தில் காய்ச்சல்தான்.

"இன்னா நைனா, கொழந்தைக்கு எத்தினி டிகிரி காய்ச்சல்?" என்று கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன்.

"அம்மாவ ரயிலேத்தப் போனேன்னு அது க்ளாஸ்ல சொல்லிகினு கீது. நீ காய்ச்சல்னு எழுதிக்கீற. பொய் சொல்றது அதுவா, நீயா?"

"நான்தான் மிஸ்."

"அப்போ மாத்தி எழுது."

"அப்படி எழுதினா லீவு குடுப்பாங்களா?"

"குடுக்கறாங்களோ இல்லியோ, நடந்தது அதானே?" பேனாவை என் பக்கம் தள்ளினார்.

மகளின் தாயார் எல்லைப் பணிக்குத் திரும்பியதால் வழியனுப்பச் சென்றோம் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"காய்ச்சல விட பெரிய காரணம்யா இது. இத்தப் போயி மறைக்கிறியே."

மறைக்கத்தான் பழகியிருந்தேன். டீக்கடையில் யாராவது ஒருவன் எப்போதும் இருப்பான். "பொண்டாட்டி துப்பாக்கி புடிக்கிறா, நம்மாளு தோசக்கரண்டி புடிக்கிறாரு, இன்னா மாமு?" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டு வந்துவிடுவேன். பதில் பேசுவது எனக்கு எப்போதுமே வராது. தர்ஷினிக்கும் பள்ளியில் அதே கதைதான். அங்கே மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகள், கம்பெனிக்காரர்களின் பிள்ளைகள், கடைக்காரர்களின் பிள்ளைகள் இருந்தார்கள். அம்மா எல்லையில் இருக்கும் பிள்ளை அவள் ஒருத்திதான்.

அந்தக் கடிதம் எழுதிய அன்றே ஆபீஸ் மிஸ் கேட்டார், "அம்மாகூட டெய்லி பேசுதா?"

இல்லை என்றேன். மணலிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கேட்டில் நின்று லாரி நம்பரும் பெட்டி நம்பரும் எழுதும் வேலை எனக்கு. கைபேசியைக் காலையில் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். என் மனைவி இருந்த இடத்தில் பகல் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவில்தான் சிக்னல் கிடைக்கும். அந்த நேரத்தில் மகள் வகுப்பில் இருப்பாள், நான் கேட்டில் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சிக்னல் தவறிவிட்டால் மூன்று வாரம் வரை பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

நாட்காட்டித் தாளின் மூலையைக் கிழித்து அவருடைய நம்பரை எழுதினார். "இத்த உன் சம்சாரத்துக்கு அனுப்பு. எப்போ லைன் கெடைக்குதோ அப்போ அடிக்கட்டும். க்ளாஸ் நடந்தா இன்னா, கூப்ட்டு வுடறேன்."

அப்படித்தான் இரண்டு வருடம் நடந்தது. போன் வந்ததும் ஆயாவை அனுப்பி தர்ஷினியை அழைப்பார். கைபேசியை அவள் கையில் கொடுத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்ச் சாலையைப் பார்த்து நின்றுகொள்வார். பேசி முடித்ததும் உடனே வகுப்புக்கு அனுப்ப மாட்டார். "ரெண்டு நிமிசம் ஸ்டூல்ல ஒக்காரு. தண்ணி குடி. ஒடனே போனா கணக்கு மண்டைல ஏறாது," என்பார். அம்மா என்ன சொன்னாள் என்று ஒருநாளும் கேட்டதில்லையாம்.

வகுப்பை விட்டு வெளியே வரும் பிள்ளைகளுக்கு ஒரு பதிவேடு உண்டு. அதில் அவர் எழுதி வைத்ததைப் பார்த்துத் தலைமையாசிரியை கோபப்பட்டிருக்கிறார். ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டதை தர்ஷினி வீட்டில் எனக்கு நடித்துக் காட்டினாள்.

"'அம்மா போன், நாலு நிமிடம்'னு எழுதி வெச்சிருக்கீங்க. இன்ஸ்பெக்ஷன் வந்தா நான் என்ன பதில் சொல்றது? 'ஆபீஸ் வேலை'ன்னு எழுதக் கூடாதா?"

"ஆபீஸ் வேல ஒண்ணும் நடக்கலியே மேடம்."

"பள்ளிக்குள்ள பிள்ளைங்க போன் வெச்சிருக்கக் கூடாதுன்னு சர்க்குலர் இருக்கு, தெரியுமா?"

"தெரியும் மேடம். நான்தான் டைப் அடிச்சேன். இந்த போன் என்னுது."

தர்ஷினி இடுப்பில் கைவைத்து ஆபீஸ் மிஸ்ஸைப் போலவே நிற்பாள். நாங்கள் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிப்போம்.

ஆனால் அவருடைய இந்தக் குணம் எனக்கு எப்போதும் பிடித்தது என்று சொல்ல முடியாது. ஒன்பதாம் வகுப்பில் பொங்கலுக்கு முன்னால் என் மனைவி லீவுக்கு எழுதிப்போட்டிருந்தாள். தர்ஷினி பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டாள். வகுப்பு ஆசிரியை, "கண்டிப்பா வருவாங்கடா செல்லம்," என்றார். கடைக்கார அண்ணாச்சி, "அம்மா வராம பொங்கலா?" என்றார். நானும் வருவாள் என்றுதான் சொன்னேன். ஆபீஸ் மிஸ் மட்டும், "எனக்குத் தெரியாது கண்ணு. லீவு கேட்டுக்கீறா. கெடச்சா வருவா. தெரிஞ்சா மொதல்ல உனுக்குத்தான் சொல்லுவேன்," என்றார்.

அவள் முகம் சுருங்கி வீட்டுக்கு வந்தாள். பச்சைப் பிள்ளையிடம் ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னால் இவருக்கு என்ன குறைந்துவிடும் என்று எனக்கு ஆத்திரம். அந்த லீவு கிடைக்கவில்லை. பொங்கலன்று தர்ஷினி என்னிடம் பேசவில்லை, வகுப்பு ஆசிரியை பெயரைச் சொன்னாலே எழுந்து போனாள். பள்ளி திறந்ததும் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு நேராக ஆபீஸ் மிஸ் அறைக்குத்தான் போயிருக்கிறாள்.

அவர் அவளைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. ரூபி என்ற பெண்ணைக் கூப்பிட்டு, "இவகூட ஒக்காந்து துன்னு," என்று அனுப்பிவிட்டார். ரூபியின் அப்பா காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர். போனால் திரும்ப இருபது நாள்கூட ஆகும். அந்தப் பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது சொல்வதைச் சமையலறையிலிருந்து கேட்டேன்.

"போறப்போ எப்ப வருவேன்னு கேக்கக் கூடாதுடி. எங்கம்மா அடிக்கும். நான் படகுல ஐஸ் எத்தினி ஏத்துறாங்கன்னு பாப்பேன். நெறைய ஏத்துனா ரொம்ப நாளு. கொஞ்சம்னா சீக்கிரம் வந்துரும்."

"எங்கம்மா ஐஸ்லதான்டி இருக்காங்க."

"அப்போ உங்கம்மா வரவே வராது போ," என்றாள் ரூபி. இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. அப்படி ஒரு சிரிப்பை ஆறுதல் சொன்னவர்கள் யாரும் அவளிடமிருந்து வாங்கியதில்லை. ரூபியிடம் அவளை அனுப்பியது எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

சுதந்திர தின விழாவில் தர்ஷினியை மேடையேற்றி, 'என் தாய் ஒரு வீராங்கனை' என்று பேச வைக்கப் பள்ளியில் முடிவு செய்தார்கள். பேச்சைக்கூட ஆசிரியை எழுதிக் கொடுத்துவிட்டார். ஆபீஸ் மிஸ் அவளைக் கூப்பிட்டு, "உனுக்குப் பேசணும்னு கீதா?" என்று ஒரே கேள்வி கேட்டிருக்கிறார். "இல்ல மிஸ், அழுதுடுவேன்." அவர் எழுந்து தலைமையாசிரியை அறைக்குப் போய், "அதுக்கு இஷ்டம் இல்லியாம் மேடம்," என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாராம். எனக்கும் அந்தப் பேச்சில் விருப்பமில்லை. ஆனால் நான் போய்ச் சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் ஏன் இப்படி இருந்தார் என்று பலரும் பலவிதமாகப் பேசுவார்கள். கல்யாணம் செய்துகொள்ளாததால் வந்த கடுகடுப்பு என்றார் ஆயா. சின்ன வயதில் யாரோ ஏமாற்றியிருப்பார்கள் என்றார் வாட்ச்மேன். நான் கேட்டதில்லை.

தர்ஷினி பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்தாள். தமிழ் முடிந்து அன்று ஆங்கிலம். சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை முடிந்து பெட்டகத்திலிருந்து கைபேசியை எடுத்தேன். தெரியாத நம்பரிலிருந்து பதினோரு அழைப்புகள். திரும்ப அடித்தால் இந்தியில் பேசினார்கள். பிறகு என் மனைவியோடு வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பெண் பேசினாள். பனியில் வண்டி சறுக்கிச் சரிவில் உருண்டுவிட்டது. இடுப்பிலும் வலது காலிலும் எலும்பு முறிவு, தலையிலும் அடி. ஆபரேஷன் செய்திருக்கிறார்கள், இன்னும் கண் திறக்கவில்லை. "பொழச்சுக்குவாளாம்மா?" என்று கேட்டேன். "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுண்ணே," என்றாள்.

என் மனைவியின் அண்ணன் பக்கத்துத் தெரு. அவரைக் கடைசிப் பேருந்து நிறுத்தத்துக்கு வரச்சொல்லி ஒரு மூலையில் நின்று பேசினோம்.

"நான் காலைல கெளம்பி அங்க போறேன் மச்சான். நீ கொழந்தகூட இரு. அது கிட்ட மட்டும் மூச்சு வுடாத. பத்தாவது. இன்னும் மூணு பேப்பர் கீது. பரிட்ச முடியட்டும்."

எங்கள் பக்கத்தில் இது புதிது இல்லை. தேர்வு எழுதும் பிள்ளை இருக்கிற வீட்டில் சாவே விழுந்தாலும் பிள்ளையை வேறு வீட்டில் தங்கவைத்துத் தேர்வுக்கு அனுப்புவார்கள். கடைசித் தேர்வு முடிந்து வெளியே வந்த பிறகுதான் சொல்வார்கள். அதைப் பாசம் என்றுதான் எல்லாரும் சொல்வோம். எனக்கும் அதில் சந்தேகம் வரவில்லை.

தடையாக இருந்தவர் ஒரே ஒருவர். அவர்கள் பள்ளியே தேர்வு மையம். நடுவில் இருக்கும் நாட்களிலும் திருப்புதல் வகுப்பு உண்டு. தர்ஷினி தினமும் அந்த ஜன்னலில் நின்று, "போன் வந்துச்சா மிஸ்?" என்று கேட்பாள்.

மறுநாள் காலை அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டுப் பள்ளிக்குப் போனேன். பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். ஆபீஸ் மிஸ் நான் சொன்னதை முழுவதும் கேட்டார்.

"கண்ணு முழிச்சாளா?"

"இன்னும் இல்ல."

"டாக்டரு இன்னா சொல்றாரு?"

"ரெண்டு நாள் போகட்டும்னு."

"கொழந்தைக்கு எப்போ சொல்லப் போற?"

"சோசியல் முடிஞ்ச உடனே. அது வரைக்கும், அவ வந்து கேட்டா சிக்னல் இல்லைன்னு மட்டும் சொல்லிடுங்க மிஸ்."

"அது என்னால ஆவாது."

"ஒரு எட்டு நாளுதான் மிஸ்."

"எட்டு நாளுல அவ கண்ணு முழிக்காமயே பூட்டா? அப்பறம் உம் பொண்ணு உம் மூஞ்சியப் பாக்குமா? என் மூஞ்சியப் பாக்குமா? போயி நீயே சொல்லு. பெத்தவன் சொல்றதுதான் மொற. வேணும்னா நான் பக்கத்துல நிக்கிறேன்."

என் வாழ்க்கையில் நான் யாரையும் எதிர்த்துக் கத்தியதில்லை. அன்று கத்தினேன். "அவ ஃபெயிலாயிட்டா நீங்களா வந்து பாப்பீங்க? உங்களுக்குன்னு ஒரு பொண்ணு இருந்தா தெரியும்!"

வராந்தாவில் பெருக்கிக்கொண்டிருந்த ஆயாவின் துடைப்பம் நின்றது. சாலையில் அப்போது லாரி எதுவும் இல்லை. ஆனாலும் ஆபீஸ் மிஸ் வாயை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மேசைமேல் இருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மிஸ், மிஸ்," என்று மட்டும் சொன்னேன்.

"பொய் சொல்ல மாட்டேன் நைனா," என்றார். "ஆனா பெத்தவன் நீ. உன்ன மீறி சொல்ல எனக்கு உரிம கெடையாது. நான் இங்க இல்லாம பூடறேன். அவ்ளோதான் என்னால ஆவும்."

அன்று சாயங்காலம் புத்தகப் பையை வைத்ததும் தர்ஷினி சொன்னாள்: "ஆபீஸ் மிஸ் மத்தியானமே வீட்டுக்குப் போயிட்டாங்களாம்பா. வர எட்டு நாள் வர மாட்டாங்களாம்."

"அப்படியா," என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு கணக்குப் புத்தகத்தைத் திறந்தாள்.

திட்டம் பலித்துவிட்டது என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவள் போனைப் பற்றிக் கேட்கவே இல்லை. போட்டதைச் சாப்பிட்டாள். மாமா எங்கே என்று கேட்கவில்லை. தேர்வுக் கவனத்தில் மறந்துவிட்டாள் என்று நிம்மதியாகக்கூட இருந்தது. நான்காம் நாள் யார்டை விட்டு வெளியே வந்து கைபேசியை எடுத்தபோது மைத்துனரின் செய்தி இருந்தது. கண் திறந்துவிட்டாள், தண்ணீர் கேட்டாள். வாசலில் நின்ற லாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். வீட்டுக்கு வந்தால் மகள் படித்துக்கொண்டிருக்கிறாள். கெட்ட செய்தியை மறைத்தவனால் நல்ல செய்தியையும் சொல்ல முடியவில்லை.

கடைசித் தேர்வன்று பள்ளி வாசலில் காத்திருந்தேன். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் மை தெளித்துக்கொண்டு கூச்சலிட்டபடி வெளியே வந்தார்கள். தர்ஷினியின் சட்டையிலும் யாரோ தெளித்திருந்தார்கள். நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"இப்ப சொல்லலாமாப்பா?"

"என்னம்மா?"

"அம்மா உயிரோட இருக்காங்களா? அதை மட்டும் மொதல்ல சொல்லு."

ஆமென்று தலையை ஆட்டினேன். அவள் சாலையோரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"மிஸ் லீவு போட்ட அன்னிக்கே. பரிட்சை நேரத்துல அவங்க லீவே போட மாட்டாங்க. என்கிட்ட சொல்ல முடியாத ஏதோ ஒண்ணு இருக்குன்னு தெரிஞ்சுது. அம்மா செத்துட்டாங்கன்னு நெனச்சேன்பா."

அப்படி நினைத்துக்கொண்டே மூன்று தேர்வு எழுதியிருக்கிறாள். எட்டு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.

"என்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா."

"கேட்டா நீ இல்லைன்னு சொல்லுவ. அப்புறம் உன்னை நம்பவே முடியாதுப்பா."

அன்றே ஆபீஸ் மிஸ் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். ராயபுரத்தில் ஒரு குறுகலான சந்து. கதவைத் திறந்தவர் எங்கள் இருவரையும் பார்த்ததும் புரிந்துகொண்டார். உள்ளே கூப்பிட்டார். தர்ஷினி வாசற்படியைத் தாண்டவில்லை.

"தெரிஞ்சா மொதல்ல எனக்குத்தான் சொல்லுவேன்னு சொன்னீங்க மிஸ்."

"ஆமா."

"சொல்லல."

"ஆமா கண்ணு. சொல்லல."

அவ்வளவுதான் சொன்னார். உங்கப்பா கேட்டுக்கொண்டார் என்று சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறவர், அதை மட்டும் விட்டுவிட்டார். நான் அவருக்கு மூன்றடி தூரத்தில் நின்றேன். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தர்ஷினி திரும்பி நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

முடிவுகள் வந்து மதிப்பெண் சான்றிதழ் வாங்கப் போன அன்று தலைமையாசிரியை என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். தேர்வு நேரத்தில் காரணம் சொல்லாமல் எட்டு நாள் விடுப்பு எடுத்ததற்கு ஆபீஸ் மிஸ்ஸிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பதிலை என்னிடம் காட்டினார். இரண்டே வரி. 'ஒரு மாணவி கேட்கும் கேள்விக்குப் பொய் சொல்ல என்னால் முடியாது. உண்மை சொல்ல எனக்கு அனுமதி இல்லை. ஆகவே வரவில்லை.'

"யார் அனுமதி குடுக்கலைன்னு கேட்டேன்," என்றார் தலைமையாசிரியை. "அது வேணாம் மேடம்னுட்டாங்க. நிர்வாகம் அவங்களை மணலி புதுநகர் பள்ளிக்கு மாத்திடுச்சு. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

"நான்தான் மேடம்," என்றேன்.

வெளியே வந்து வராந்தாவிலேயே தர்ஷினியிடம் சொன்னேன். மிஸ்ஸிடம் நான் கத்தியதையும் விடாமல் சொன்னேன். அவள் சான்றிதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தனியாகப் பேருந்து பிடித்து மணலி புதுநகருக்குப் போனாள். சாயங்காலம் கண்கள் வீங்கித் திரும்பி வந்தாள். அங்கே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நானும் ஒருமுறை போனேன். பள்ளி விடும் நேரம் வாசலில் நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "உன் சம்சாரம் நடக்கறாளா?" என்று கேட்டார். கோல் ஊன்றி நடக்கிறாள் என்றேன். "கோலு எப்போ வுடுவா?" "தெரியாது மிஸ்." தலையை ஆட்டிவிட்டுப் பேருந்தில் ஏறினார். அடுத்த வருடம் ஓய்வு பெற்று, ராயபுரம் வீட்டையும் காலி செய்துவிட்டார் என்று ஆயா சொன்னார்.

என் மனைவி இடது பக்கமாகச் சாய்ந்துதான் நடக்கிறாள். முகாமுக்குள்ளேயே செய்யும் இலகுவான வேலை கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் லீவு முடிந்து கிளம்புவதற்கு முன், படையிலிருந்து புதுப்பிக்கச் சொன்ன குடும்ப விவரப் படிவத்தைச் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டு நிரப்பிக்கொண்டிருந்தாள். தர்ஷினி கல்லூரி முதல் வருடம். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"யோவ், அவசரம்னா மொதல்ல யாருக்குத் தகவல் சொல்லணும்னு கேட்டுக்கீறான். எப்பவும் போல உம் பேரத்தான போடணும்?"

"வேணாம். பாப்பா பேரைப் போடு."

எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "கொழந்தய்யா அது. தாங்குமா?"

"எனக்கு அவ சொல்லுவா," என்றேன்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. தர்ஷினி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அம்மாவின் தோளுக்கு மேலே குனிந்தாள். பெயர் என்ற இடத்தில் அவள் பெயர், உறவு என்ற இடத்தில் 'மகள்'. அடுத்த கட்டத்தில் அம்மா எழுதியிருந்தது தன் கைபேசி எண்தானா என்று ஒவ்வோர் இலக்கமாக, வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தாள்.